யாரும் காணாமல் போகாத பதி

தண்ணீர் ஒரு கை சூடு அதிகம். முழங்கையை விட்டுப் பார்த்ததுமே மருதிக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் விளாவணும், விளாவினால் குளிப்பாட்டி முடிப்பதற்குள் ஆறிப்போகும், ஆறினால் பிள்ளைக்கு மூக்கு ஒழுகும், ஒழுகினால் ராத்திரி பூரா தோளில் போட்டு நடக்கிறது யார், இவள்தான், புருசன் மணியன் மல்லாந்து குறட்டை விடுவான். அரைச் சொம்பு விளாவினாள். வீட்டுக்குப் பின்னால் நாலு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிய மறைப்பு; நடுவில் ஒரு பட்டைக்கல்; கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிச் செருகி, கணுக்கால் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டிருந்தாள். வர்ஷினி. டிவியில் பார்த்து இவளே வைத்த பேர். மாமியார் வெள்ளச்சிக்கு அது வாயில் நுழையாமல் வருசி, வருசி என்று கூப்பிட்டு, இப்போது பதி ஜனமே வருசி என்கிறது, பிள்ளையும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. உச்சியிலிருந்து பாதம் வரை எண்ணெய் பூசி ஊறவிட்டிருந்தாள், கை வைத்தால் வழுக்கியது, நழுவி ஓடப் பார்க்கும் கெண்டை மாதிரி. அப்போதுதான் முன்வாசலில் பைக் வந்து நின்றது. பாரஸ்ட்டுக்காரர் பைக் இருமிக்கொண்டு வரும், இது இருமவில்லை. மாமியார் எட்டு வைத்து ஓடி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போடும் சத்தமும், வாங்கய்யா வாங்க என்கிற குரலும் சுவரைச் சுற்றி வந்தன. போலீஸ். மருதி முதல் சொம்பை எடுத்து முதுகில் ஊற்றினாள். எண்ணெய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போலீசுக்கு முன்னால் போய் நிற்க முடியுமா.

வந்திருப்பது ஏட்டு என்று பேச்சிலேயே தெரிந்தது. வயசான குரல், அலுத்த குரல், கெட்ட குரல் இல்லை. கடுங்காப்பி கொடுத்தார்கள் போல, உறிஞ்சிக்கொண்டே பேசினார். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் மண் தோண்டிப் போட்ட குழி இருக்கிறதே, வெயிலுக்குத் தண்ணீர் வற்றியதில் ஒரு பொம்பளை கிடைத்திருக்கிறாளாம். கிடைத்திருக்கிறாள் என்றுதான் சொன்னார், பிறகு நிறுத்தி, பொம்பளையாக இருந்தது என்று மாற்றிச் சொன்னார். சின்ன வயசு, அதற்கு மேல் டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அதனால் பதி பதியாகப் போய்க் கேட்கிறார், உங்களில் யாராவது காணாமல் போனார்களா என்று. மூப்பன் தொண்டையைச் செருமினார். பதிக்குத் தலைவர் அவர்தான், எதையும் செருமிவிட்டுத்தான் சொல்வார். இந்த மலையடிவாரத்தில் இருளர் வீடு பத்துப் பதினைந்து சேர்ந்தால் அது ஒரு பதி, ஒவ்வொரு பதிக்கும் ஒரு மூப்பன், ஒவ்வொரு மூப்பனுக்கும் ஒரு செருமல். "நம்ம அத்திப்பதியில யாரும் காணாமப் போகலீங்க ஏட்டய்யா," என்றார். ஏட்டு சிரித்தார், சிரிப்பு மாதிரி ஒன்று. "இன்னைக்குப் பார்க்கிற மூணாவது பதி இது. எல்லா இடத்திலயும் இதே பதில்தான். அப்புறம் இது யாரு மூப்பா, ஆகாசத்துல இருந்து விழுந்துச்சா?" யாரோ பொம்பளை, பக்கத்து வீட்டு ரேசியாகத்தான் இருக்கும், எங்க பதியில பிள்ளைங்க காணாமப் போகாதுங்க, கண்ணாலத்துக்குத்தான் போகும், என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரின் சிரிப்பு தனியாகக் கேட்டது, பல் போன இடத்தில் காற்று வாங்குகிற சிரிப்பு. மருதி அக்குளில் பயத்தமாவைத் தேய்த்தாள். பிள்ளைக்குக் கூச்சம், அதுவும் சிரித்தது.

வெளியாளுக்கு இதை எப்படிச் சொல்லி விளங்க வைப்பது. பெண்ணும் பையனும் மனசு ஒத்துப்போனால் ஒருநாள் கிளம்பிப் போய்விடுவார்கள், எங்காவது சித்தி வீட்டிலோ காபித் தோட்டத்திலோ இருந்து பிழைப்பார்கள், ஆறு மாசமோ ஒரு வருசமோ கழித்துத் திரும்பி வருவார்கள், சில பேர் கையில் பிள்ளையோடு வருவார்கள். அப்போது பையன் வீட்டார் அரிசியும் சேலையும் கொண்டுவந்து வைக்கணும், ஆடு வெட்டணும், மூப்பன் செருமிவிட்டு நல்லா இருங்க என்பார், எல்லோரும் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான் கல்யாணம். அதுவரைக்கும் யாரும் தேடிக்கொண்டு போவதில்லை. தேடிப் போவது அசிங்கம், பிள்ளையை நம்பாத மாதிரி. மருதியே அப்படித்தான் வந்தாள். எட்டாவது முடித்து வீட்டில் இருந்தவளைத் தேர் பார்க்கப் போன இடத்தில் மணியன் வா என்றான், வந்துவிட்டாள், கையில் வாங்கிய பொரிப் பொட்டலம்கூடப் பிரிக்காமல். இரண்டு பேரும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது இவள் அப்பன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆடு எங்கடா மாப்பிள்ளை, என்றார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வரும். வந்தது. பாதியில் நின்றது. கழுத்து மடிப்பில் அழுக்கு திரண்டிருந்தது, விரலை விட்டு மெதுவாக எடுத்தாள், பால் கழுத்தில் வழிந்து வழிந்து அங்கே போய்த் தேங்கிக்கொள்கிறது, தினமும் எடுத்தாலும் தினமும் இருக்கிறது.

நஞ்சி போனது ஆடியில். மணியனின் தங்கச்சி, மருதிக்கு நாத்தனா. பேருக்குத்தான் நாத்தனா, இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து விடிய விடியக் கதை பேசுவார்கள், மாமியார் வந்து தண்ணீர் ஊற்றுவேன் என்று மிரட்டும் வரை. சூளையில் கல் அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஜீப் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். டிரைவர் தனபால் அண்ணன், கலகலப்பான மனுசன், பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார், எல்லாரையும் தங்கச்சி தங்கச்சி என்பார். அன்றைக்குக் காற்று ஆளைத் தள்ளிற்று, கூரை ஓடெல்லாம் தடதடத்தது. சூளையில் மற்றவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்து அவரவர் நடந்தே வந்துவிட்டார்கள், நஞ்சி மட்டும் கணக்குப்பிள்ளை அறையைக் கூட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினாள். இருட்டுகிற நேரத்தில் ஜீப் வந்தது. ஆள் இல்லை. உங்க பொண்ணு கவைப்பாதையிலயே இறங்கிக்கிச்சு, நான் இப்படிப் போறேன்னு சொல்லுச்சு, என்று ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே தனபால் அண்ணன் சொன்னார், கண்ணடித்தார்கூட. கவையில் இடது பக்கம் போனால் இந்தப் பதி, வலது பக்கம் போனால் பண்ணாரி இருக்கிற பதி. பண்ணாரி நஞ்சியைப் பார்க்கிற பார்வை எல்லோருக்கும் தெரியும். மறுநாளே பண்ணாரியும் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் கணக்கு நேராகிவிட்டது. ரேசி குலவை போட்டாள். மருதி ஏழு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு நஞ்சி மாதிரி இடுப்பை ஒடித்து நடந்து காட்டினாள், பதியே விழுந்து விழுந்து சிரித்தது. மாமியார் ஒரு ஆட்டுக்குட்டியைத் தனியாகக் கட்டி, இது மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டிக்கு நாம வெட்டற ஆடு, என்று தழை போட ஆரம்பித்தாள். குட்டி இப்போது கிடாவாகிவிட்டது. தழைக்குக் கத்துகிறது, இதோ இப்போதுகூட.

பிள்ளையை மல்லாத்தினாள். இடது கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்து, காதுக்குள் தண்ணீர் போகாமல் கட்டைவிரலால் ஒரு காதை மடக்கி, நடுவிரலால் மறு காதை மடக்கி. இது ஒன்றுதான் அவளுக்குப் பயம், காதில் தண்ணீர். காதில், மூக்கில், வாயில். அந்தக் குழியை அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், செம்மண் தண்ணீர், டீ மாதிரி நிறம், கரையெல்லாம் செங்குத்து, மாடு இறங்கினால் ஏறாது. ஐப்பசி மழையில் ததும்பிக் கிடந்தது, பாதையிலிருந்து பார்த்தால் மேகம் தெரியும், அழகாகத்தான் இருக்கும், ஒருநாள் வர்ஷினியைக்கூடத் தூக்கிக் காட்டினாள், அதோ பாரு தண்ணி, அதோ பாரு வானம். போதும். சூளையில் வேலை செய்கிற வெளியூர்ப் பெண்கள் எத்தனையோ பேர், ஒடிசா, பீகார், யாராகவும் இருக்கலாம். யாராகவும் இருக்கலாம் என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது, லேசானதும் அந்த லேசைப் பார்த்துக் கூசியது, யாரோ பெற்ற பிள்ளைதானே அதுவும். மேல்பதி மசணி காணோமே அது எப்போது, இரண்டு வருசம் இருக்குமா. அவளை யானை அடித்தது. அடித்ததை யார் பார்த்தார்கள்? பார்க்கவில்லை, ஆனால் யானை நடமாட்டம் இருந்தது, அதனால் யானை. அதற்கு முன்னால் மூப்பனின் அக்கா மகள், அவள் மில்லுக்குப் போனாள், மில்லிலிருந்து வேறெங்கோ போனாள், நல்ல சம்பளம் என்றார்கள், யார் சொன்னது, ஏஜெண்டு சொன்னான். ஒருத்தியை ஆறு கொண்டுபோனது. ஒருத்திக்குப் புத்தி சரியில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது, கச்சிதமாக, அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி. காரணம் இருக்கிறவள் எப்படிக் காணாமல் போனவள் ஆவாள். மூப்பன் பொய் சொல்லவில்லை. இந்த மலையில் இதுவரை யாருமே காணாமல் போகவில்லை. பிள்ளை காலை உதைத்தது, தண்ணீர் முகத்தில் தெறித்தது, மருதி அடி கழுதை என்று கொஞ்சினாள், குரல் நன்றாகத்தான் வந்தது.

நேற்றைக்கு ரேசன் கடையில் பண்ணாரியைப் பார்க்காமல் இருந்திருந்தால் இவளும் முன்வாசலில் உட்கார்ந்து ரேசியோடு சேர்ந்து சிரித்திருப்பாள். பிள்ளையை இடுப்பிலும் அரிசிப் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு திரும்பினால் எதிரில் நிற்கிறான், புதுச் சட்டை, பூப்போட்டது, கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவன் நேராக அங்கிருந்து வந்து இறங்கியிருக்கிறான். இவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வாடா மாப்பிள்ளை, பொண்டாட்டியை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே, ஆடு கொழுத்துப்போய் உனக்காகக் காத்திருக்கு, என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அரிசிப் பையையே பார்த்துக்கொண்டு, "நஞ்சிக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களாக்கா?" என்றான். நடிக்கிறான் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சேர்த்து வம்பு பண்ணினாள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், பிறகு சிரிப்பு மட்டும் வாயில் நின்றது, கண் இவள் முகத்தில் எதையோ தேடியது. திடீரென்று லாரி வந்துவிட்டது, ஏறச் சொன்னார்கள் ஏறிவிட்டேன், அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை, கோபமாக இருப்பாள், அதுதான் கேட்டேன், அவ நல்லா இருக்காளாக்கா. நல்லா இருக்கா, என்று மருதி சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, கேட்டால் சொல்கிற பதில்தானே அது. வெயில் மண்டையைப் பிளந்தது, அரிசிப் பை கனக்கவே இல்லை, வீடு வரை எப்படி வந்தாள் என்று ஞாபகம் இல்லை. வந்து அரிசியைப் பானையில் கொட்டினாள். உலை வைத்தாள். மாமியார் கூடையிலிருந்து ஒரு பாசிமணிச் சரத்தை எடுத்து, இது வருசிக்குப் பத்தாமப் போச்சு, நஞ்சி பிள்ளைக்கு ஆகும், எடுத்து வெய்யி, என்றாள். எடுத்து வைத்தாள்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிசமே சொல்லியிருக்கலாம். பாசிமணியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. மாமியார் இந்த ஒன்பது மாசமாக ஒரு நாளும் அழவில்லை, மகள் மாசமாக இருப்பாள், அதனால்தான் மலை ஏற முடியாமல் இருக்கிறாள், பிள்ளை பெற்றுக்கொண்டு வருவாள் என்று மாசக் கணக்குப் போட்டு, இவளிடமே சரிபார்ப்பாள், சரியா மருதி, சித்திரைக் கடைசியில வந்துருவா இல்லே, என்று. மருதிதான் படித்தவள், மருதி ஆமாம் என்றால் ஆமாம். அந்தக் கணக்கில் ஒரு பேரனே பிறந்து கை கால் உதைத்துக்கொண்டிருக்கிறான். இவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளையும் போய்விடும். மணியன் இன்னமும் அதே சூளை முதலாளியிடம்தான் லோடு ஏற்றுகிறான், அதே ஜீப்தான் தினமும் கவை வரை வந்து ஹாரன் அடிக்கிறது, அவனிடம் சொன்னால் அவன் அரிவாளை எடுப்பான், இல்லையென்றால் வாயே திறக்காமல் மூலையில் உட்காருவான், இரண்டும் ஆகாது. சரி, பண்ணாரியோடு போகவில்லை, வேறு யாரோடாவது போயிருக்கலாமே. போயிருக்கலாம். மில்லுக்குப் போயிருக்கலாம். போயிருக்கலாம். ஆனால் கவையில் இறங்கினாள் என்றாரே. இறங்கினாள் என்று சொன்னது யார். மருதி பிள்ளையின் நெற்றியில் கை குவித்து அணை கட்டித் தலையில் தண்ணீர் ஊற்றினாள், மெதுவாக, மெதுவாக. இறங்கியதைப் பார்த்தது யார். யாரும் இல்லை. ஒரே ஒரு வாய் சொன்னது, மிச்சத்தை நாங்களே சொல்லிக்கொண்டோம், குலவை போட்டோம், நான் இடுப்பை ஒடித்து நடந்து காட்டினேன். அந்த ஜீப்பில் அன்றைக்கு வேறு யாருமே இல்லை என்பது இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது. ஏட்டு எழுந்துவிட்டார். காப்பி நல்லா இருந்துச்சும்மா என்கிறார், மாமியாரிடம். கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்புங்க, கறி திங்க வர்றேன் என்கிறார், மறுபடி எல்லோரும் சிரிக்கிறார்கள். இன்னும் வாய் கழுவவில்லை, மூக்கைப் பிடித்து நீவிவிடவில்லை, குங்கிலியம் தணலில் போட்டுப் புகை காட்டவில்லை, ஈரத் தலையோடு தூக்கினால் காற்று அடிக்கும். அப்பன் அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆடு எங்கே என்றாரே. மணியன் மணியனாக இல்லாமல் இருந்திருந்தால்? தேரிலிருந்து இவளைக் கூட்டிப்போனது வேறொரு கை, வேறொரு ஜீப், என்றிருந்தால்? அப்பன் கயிறு திரித்துக்கொண்டேதான் இருந்திருப்பார். அம்மா பாசிமணி கோத்துக்கொண்டே இருந்திருப்பாள். பதி முழுக்கச் சந்தோசமாகக் காத்திருந்திருக்கும், இவள் எங்கோ குழித் தண்ணீருக்கு அடியில் கிடக்க, மேலே மேகம் போக. கடைசிச் சொம்பைப் பிள்ளையைச் சுற்றி இறக்கி ஓரமாக ஊற்றினாள், அதைமட்டும் விடக்கூடாது, பிறகு முந்தானையிலேயே சுருட்டி எடுத்து எழுந்தாள். இவ்வளவு நேரம் நீட்டிய கால் மரத்துப்போயிருந்தது. கால் தன்னுடையதாக வரும்வரை சுவரைப் பிடித்து நின்றாள். பைக்கை உதைக்கிற சத்தம். ஒரு உதை. இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

வாசலுக்கு வந்தபோது ஏட்டு ஹெல்மெட் மாட்டியிருந்தார். நனைந்த சேலை காலோடு ஒட்ட, இடுப்பில் பிள்ளை ஈரத்தோடு துள்ள, மருதி பைக்குக்கு முன்னால் போய் நின்றாள். பாரு, போலீசு வண்டிக்கே குறுக்க நிக்கறா, என்றாள் ரேசி.

"ஏட்டய்யா, கொஞ்சம் இருங்க. எங்க நாத்தனா நஞ்சியை ஆடி மாசத்துல இருந்து காணலீங்க."

மூப்பன் செருமினார். "ஏ புள்ளே, என்ன பேசற. அது பண்ணாரிகூட…"

"பண்ணாரி வந்துட்டானுங்க மூப்பா. நேத்து ரேசன் கடையில பார்த்தேன். தனியா வந்திருக்கான். நஞ்சி நல்லா இருக்காளான்னு எங்கிட்டக் கேட்டான்."

பைக் மட்டும் டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ஏட்டு குடித்த டம்ளரைக் கையில் வைத்திருந்தாள், அதைக் கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி இங்கும் அங்கும் பார்த்தாள், திண்டில் வைக்கப் போய் வைக்காமல் திரும்பினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, வழி கேட்கிறவள் மாதிரி மருதியிடம் வந்தாள்.

"அப்ப எம்புள்ள எங்கடி?"

பதில்கள் வரிசையாக வந்து நின்றன. மில்லுக்குப் போயிருப்பா அத்தே. வேற யாரையாவது பிடிச்சிருக்கும் அத்தே. கேரளாவுல இருப்பா, வந்துருவா. எல்லாம் பழகிய வார்த்தைகள், எதை எடுத்தாலும் பொருந்தும், எதை எடுத்தாலும் மாமியார் தலையாட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விடுவாள். மருதி மாமியாரின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"தெரியலீங்கத்தே," என்றாள்.

ஏட்டு வண்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்துவிட்டு இறங்கி, சட்டைப் பையில் பேனாவைத் தடவினார். கடைசியா பிள்ளையைப் பார்த்தது யாரும்மா, என்று கேட்டார். கீழே கவைப்பாதையில் ஜீப் ஹாரன் இரண்டு தடவை அடித்தது, வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் சோற்றுத் தூக்கோடு எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். மருதி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அன்றைக்கு நஞ்சி இல்லாமல் வந்து நின்ற ஜீப்பிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.